விளையாட்டும் முதிர்ச்சியும்

விளையாட்டு சிறுவர்க்கே உரியது என்பர் பலர். 'விளையாட்டுத்தனம்' என்னும் சொல்லையே முதிர்ச்சியின்மைக்கு மறுபெயராக வழங்குகிறோம். அவ்வாறாயின், ஐக்கிய அமெரிக்காவிலே பாடசாலை முற்றத்துக்குரிய 'கிக்போல்' ஆட்டத்தை வளர்ந்தோர் ஆடுவதை எங்ஙனம் மதிப்பது? உருட்டிவிடப்படும் பெரிய இறப்பர்ப் பந்தைக் காலால் உதைத்து, பேஸ்போல் ஆட்டத்திற் போலத் தளங்களைச் சுற்றியோடும் எளிய ஆட்டம் இது. 1998இல் வாஷிங்டனில் தோன்றிய சங்கமொன்று இதனை வளர்ந்தோர்க்கான போட்டித் தொடராக நடத்தலாயிற்று.

உழைப்புக்கு வேண்டிய ஓய்வே விளையாட்டு என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. ஹுயிசிங்காவோ 1938இல் வெளிவந்த தமது நூலில், பண்பாடே விளையாட்டாக முளைத்தது என வாதிட்டார். இவற்றுக்கு அப்பால் ஓர் அறவினாவும் உண்டு.

அணி பிரிக்கையில் இறுதிவரை அழைக்கப்படாது நின்ற சிறுவனை யாவரும் அறிவர். அவனுக்கு ஆட்டம் இன்பமன்று, தீர்ப்பு. வளர்ந்தோர் அவ்வாட்டத்துக்கு மீளும்போது அக்கொடுமையையும் உடன்கொணர்வரா? வெற்றியொன்றே குறியாயின் கொணர்வர். வெற்றியைப் பொருட்படுத்தாது ஆடினாலோ ஆட்டமே பொய்யாகிவிடும். எதிரணியையும் அது அவமதிப்பதாகும்.

எனவே முழுமுயற்சியோடு ஆடுதல் வேண்டும். பந்தைத் தவறவிட்டவனை இகழாதிருத்தலும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே காத்தல் சிறுவர்க்கு அரிது. ஆட்டம் முடிந்தபின் எஞ்சுவது புள்ளிகளல்ல, மனிதரே என்பதை வளர்ந்தோர் அறிவர். அறிந்தமையால் அவர்தம் பொறுப்பும் பெரிது. முதிர்ச்சி விளையாட்டைத் துறப்பதில் இல்லை. அன்று இறுதியில் நின்றவனை இன்று முதலில் அழைப்பதிலேயே அது உள்ளது.