எங்கள் பக்கம் எல்லாம் சரி

வாடிக்கையாளரின் மென்பொருளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலையில், பிழை தலைகாட்டியதும் முதலில் காதில் விழுவது இதுதான்: “எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு.”

2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி, லாயிட்ஸ் வங்கியின் பழைய அமைப்பிலிருந்து ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்குக் குடிபெயர்ந்தது. தரவு பழுதில்லாமல் போய்ச் சேர்ந்தது; படுத்துக்கொண்டது புதிய அமைப்புதான். லட்சக்கணக்கானோர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் தவித்தார்கள். நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது.

புதிய அமைப்பைக் கட்டியது வங்கியின் அப்போதைய தாய் நிறுவனமான சபடெல்லின் தொழில்நுட்பப் பிரிவு. அதன் கீழே பல துணை ஒப்பந்ததாரர்கள். கைகாட்ட ஆளுக்கா பஞ்சம்! ஆனால் 2022-இல் 4.865 கோடி பவுண்டு அபராதம் விழுந்தது வங்கியின் மேல். அடுத்த ஆண்டு அதன் முன்னாள் தகவல் தொழில்நுட்பத் தலைவர் தன் பெயரில் 81,620 பவுண்டு கட்டினார். ‘தயார்’ என்று சப்ளையர் சொன்னதை அவர் போதிய அளவு சோதிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு.

பழைய அமைப்பில் ஏற்கெனவே இருந்த பிழைகளை மாற்றத்துக்கு முன்பே பட்டியலிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டால் ‘பிழை யார் பக்கம்’ என்ற சண்டையில் பாதி குறையும். அலுப்பான வேலைதான். அதனால்தான் பலரும் அதைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். கடைசி வாரத்தில் யாருக்கு நேரம் இருக்கிறது?