திரையும் குருவும்

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலின் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கொரோனாவால் பள்ளிகள் மூடியதில், அப்போது எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் ஒன்றரை ஆண்டுக்கு மேலாகியிருந்தது. பாடம் மட்டும் நிற்கவில்லை. கல்வித் தொலைக்காட்சியில் ஓடியது. ஸ்மார்ட்போன் இருந்த வீடுகளுக்கு வாட்ஸ்அப்பிலும் வந்தது. இருந்தும் எழுத்துக்கூட்டி வாசிப்பதையே பிள்ளைகள் பலர் மறந்திருந்தார்கள்.

நல்ல பாடம் கண்ணெதிரே ஓடியும் ஏன் ஏறவில்லை? விழுப்புரம் மாவட்டத்துக்கு இது புதிய கேள்வியல்ல.

சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தைத் தந்த மெய்கண்டாரின் ஊர், இதே மாவட்டத்தில் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருவெண்ணெய்நல்லூர். பன்னிரண்டே சூத்திரங்கள் கொண்ட அந்தச் சிறு நூலில், எட்டாம் சூத்திரம் ஞானம் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பேசுகிறது. உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை என்னும் மலங்களைக் கொண்டு சித்தாந்தம் உயிர்களை மூவகையாகப் பிரிக்கும். ஆணவம் ஒன்றே உள்ள விஞ்ஞானகலருக்கு இறைவன் உள்ளிருந்தே உணர்த்துவான். கன்மமும் சேர்ந்த பிரளயாகலருக்குத் தன் திருவுருவில் எதிரே தோன்றுவான். மாயையும் பிணித்த சகலருக்கு, அதாவது நம் எல்லோருக்கும், அவர்களைப் போன்ற மனித உருவில் குருவாகத்தான் வந்தாக வேண்டும்.

வீடுபேற்றுக்குச் சொன்னதைக் கழித்தல் கணக்குக்குப் பொருத்தலாமா என்று சித்தாந்திகள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். யாருக்கு எந்த வழியில் அறிவு போய்ச் சேரும் என்று பிரித்துப் பார்த்தவர்கள் அவர்கள்தானே! தானே தேடிப் படிக்கத் தெரிந்த கல்லூரி மாணவருக்கு யூடியூப் போதும். அரிச்சுவடியிலேயே தடுக்கி நிற்கும் பிள்ளைக்கு, தடுக்கிய இடத்தைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரிய பண்டிதராக இருக்க வேண்டியதில்லை. அதற்கும் திருவெண்ணெய்நல்லூரிலேயே கதை இருக்கிறது. சகலாகம பண்டிதர் எனப் பெயர் பெற்றவர் அருள்நந்தி சிவாச்சாரியார். மெய்கண்டாரின் குடும்பத்துக்கே குரு. அப்போது சிறுவனாக இருந்த மெய்கண்டாரிடம் போய், ஆணவத்தின் வடிவம் என்ன என்று கேட்டார். மெய்கண்டார் வாய் திறக்கவில்லை. அவரையே ஏற இறங்கப் பார்த்தார். பண்டிதருக்குப் புரிந்துவிட்டது, காலில் விழுந்தார். இதை எந்தக் காணொலியில் பதிவு செய்து அனுப்புவது? அந்தப் பார்வை அந்த ஒருவருக்கானது.

இல்லம் தேடிக் கல்வியின் தன்னார்வலர்களும் பெரும்பாலும் அதே தெருப் பெண்கள்தாம். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஒருவருக்கு ஏறத்தாழ 20 பிள்ளைகள். மாலையில் வீட்டுத் திண்ணையிலோ பொது இடத்திலோ ஒன்றரை மணி நேரம். பதிவும் வருகைக் கணக்கும் கைபேசியில், பாடம் நேரில். தமிழக கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் கற்றல் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது.

திரை வேண்டாம் என்பதல்ல வாதம். திண்டிவனத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞருக்கு அது பெரிய வரம். ஆனால் ‘ஸ்மார்ட் வகுப்பறை வந்தாயிற்று, இனித் தன்னார்வலர் எதற்கு’ என்று தொடக்க வகுப்புகளில் கணக்குப் போடுவது தவறு. செலவு குறைக்கத்தான் வேண்டுமென்றால், கருவியில் குறைக்கட்டும். திண்ணையில் உட்காரும் அந்தப் பெண்ணின் ஆயிரம் ரூபாயில் வேண்டாம்.