வந்த திசையும் பிறந்த இடமும்

ஆசிரியர் தாம் கூறியது பிழையெனக் கண்டவிடத்து, அதனை மாணாக்கர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளுதல் தகுமோ தகாதோ என்பது ஈண்டு ஆராயப்படும். மதிப்புக் குறையுமாதலின் தகாது என்பார் பலர். நாமும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தோம்.

அண்டக்கதிரைப்பற்றி வகுப்பிற் கூறுங்கால், அஃது எங்கிருந்து வருகின்றது என ஒரு சிறுவன் வினாவினான். சற்றுந் தாழாது, "சூரியனிலிருந்து" என்று விடையிறுத்தோம். சூரியனும் ஒரோவழி அத்தகைய துகள்களை வீசுமாயினும், அவ்விடை பெரும்பாலனவற்றுக்குப் பொருந்தாதென்பதை அன்றிரவு நூலை விரித்துப் பார்த்து நாணினோம்.

1912ஆம் ஆண்டிலே விக்டர் ஹெஸ் என்னும் ஆஸ்திரிய அறிஞர் பலூனில் 5,000 மீற்றருக்கு மேல் ஏறி, உயரச் செல்லச் செல்ல அக்கதிர் மிகுதலைக் கண்டார். அவ்வாண்டுச் சூரியகிரகணத்தின்போதும் ஏறிப் பார்த்து, கதிர் குறையாமையால், சூரியன் அதன் பிறப்பிடமன்றெனத் துணிந்தார். 1925இல் அதற்கு அண்டக்கதிர் எனப் பெயரிட்ட மில்லிகன், அஃது ஒளியின் இனமென்றே கொண்டார். காம்ப்டன் உலகின் பல இடங்களிலும் அளப்பித்து, பூமத்திய ரேகையை அடுத்து அது குறைதலை 1932இற் காட்டினார். பூமியின் காந்தத்தால் விலக்கப்படுதலின், அவை மின்னேற்றமுடைய துகள்களென்பது பெறப்பட்டது. நோபல் பரிசு பெற்றவராகிய மில்லிகனும் வாதாடிப் பின்னர் அவ்வளவைக்கு இணங்கினார்.

அத்துகள்களிற் பத்தில் ஒன்பது பங்கு புரோத்தன்கள். பால்வீதியெங்கும் பரந்த காந்தப்புலம் அவற்றை ஓயாது வளைத்துத் திருப்பும். அவற்றோடு வரும் பெரிலியம் 10 ஏறக்குறைய 14 இலட்சம் ஆண்டிற் பாதியாகத் தேய்வது. எஞ்சிய அளவைக்கொண்டு கணிக்குமிடத்து, அவை ஒரு கோடி ஆண்டுக்கு மேலாக அலைந்து வருவன எனத் தெரிகின்றது. ஆதலின், வந்த திசை பிறந்த இடத்தைக் காட்டமாட்டாது.

பின்னர்ப் பிறப்பிடம் அறியுமாறு யாங்ஙனமெனின், கூறுதும். வெடித்தழியும் பெருநட்சத்திரங்களே அவற்றின் மூலமாகலாமென்று பாடே, ஸ்விக்கி என்னும் இருவர் 1934இற் கருதினர். புரோத்தன்கள் ஆண்டுள்ள வாயுவோடு மோதுதலால் எழுங் காமாக்கதிர் மின்னேற்றமின்மையின் வளையாது நேரே வரும். ஃபெர்மி விண்தொலைநோக்கி அத்தகைய காமாக்கதிரின் அடையாளத்தை, வெடித்த இரு நட்சத்திரங்களின் எச்சங்களிற் கண்டமை 2013இல் வெளிவந்தது. ஓர் அனுமானம் இச்சான்றுக்காக 79 ஆண்டு காத்திருந்தது. பால்வீதிக் கதிர்களுள் மிக்க ஆற்றலுடையன எங்கே பிறப்பன என்பது இன்றும் ஆராயப்படுகின்றது.

மறுநாட் காலையில், "நேற்று யாம் கூறியது பிழை" என்று தொடங்கி இவற்றை விளக்கினோம். ஒருவரும் நகைத்திலர். அச்சிறுவன் எழுந்து, "ஐயா, சூரியன் அன்றென்று எப்படிக் கண்டார்கள்?" என்றான். நமது முதல்நாள் விடை நின்றிருக்குமாயின் இவ்வினா பிறந்திராது. பிழையினும் பெருந்தீங்கு அதுவன்றோ!

மாணாக்கர் நம்மிடத்து வைக்கும் நம்பிக்கை அடைக்கலப் பொருளாம். நம் மதிப்பைக் காத்தற்பொருட்டு அதனைச் செலவிட நமக்கு உரிமையில்லை.