எட்டு பிட் சந்தேகம்

மெமரி வாங்க வருகிறவர்கள் எத்தனை ஜிபி, எத்தனை மெகாஹெர்ட்ஸ் என்றுதான் கேட்பார்கள். போட்டு வைத்ததை அப்படியே திருப்பித் தருமா என்று ரிச்சி தெருவில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தே பிழைக்கிற எனக்கு அதுதான் முதல் கேள்வி. மிகப் பழைய கேள்வியும்கூட.

ஓர் அறிவு தோன்றும்போதே செல்லுபடியாகத்தான் தோன்றுகிறது, அதைப் பொய்யாக்கும் இன்னோர் அறிவு வரும்வரை நம்பலாம் என்றார்கள் இந்தியத் தத்துவத்தில் குமாரிலர் வழி வந்த மீமாம்சகர்கள். நியாய மரபினரான நையாயிகர்கள் ஒப்பவில்லை. எந்த அறிவுக்கும் வெளியிலிருந்து சான்று வேண்டும் என்றார்கள். அந்தச் சான்றுக்கு எது சான்று என்பது மறுகேள்வி. (நினைவை நையாயிகர்கள் பிரமாணம், அதாவது சரியான அறிவுக்கான வழி, என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. ராம் விற்பவனாக அது எனக்குச் சற்று வருத்தம்தான்.)

வீட்டுக் கம்ப்யூட்டரின் சாதாரண ராம் மீமாம்சகர் கட்சி. சர்வரில் போடும், பிழை திருத்தும் இசிசி ராம் நியாயக் கட்சி: வழக்கமாக 64 பிட்டுக்கு 8 பிட் காவல். ஒரு பிட் புரண்டால், அதாவது 0 1ஆகவோ 1 0ஆகவோ மாறினால், திருத்திவிடும். இரண்டு புரண்டால் தவறு என்று அறிவிக்கும். மூன்று புரண்டால், திருத்துகிறேன் பேர்வழி என்று நான்காவதையும் கெடுத்துவிடக் கூடும். மறுகேள்வி அங்கே அப்படியே நிற்கிறது.

பிட் தானாகவும் புரளும். சிப்பின் உறையில் கலந்திருந்த துளி யுரேனியமும் தோரியமும் வெளிவிட்ட ஆல்ஃபா துகள்கள் அதைச் செய்வதை 1970களின் கடைசியில் இன்டெலின் டிமோத்தி மேயும் முரே உட்ஸும் கண்டுபிடித்தார்கள். காஸ்மிக் கதிர்களாலும் நடக்கும். நம் தெருவில் அதைவிடச் சாதாரணக் காரணங்கள்: மட்டமான பவர் சப்ளை, ஜோடி சேராத ஸ்டிக்குகள், ராமைத் தாங்காத வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு.

நானும் சுபாவத்தில் மீமாம்சகன்தான். எல்லாவற்றையும் சந்தேகித்தால் கடை திறக்க முடியாது. ஆனால் 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக்கில் நடந்தது என்னை உறுத்துகிறது. மின்னணு வாக்குப்பதிவில் ஒரு வேட்பாளருக்கு 4,096 வாக்குகள் கூடுதலாகக் காட்டின. அது 2இன் 12ஆம் அடுக்கு. ஒரே ஒரு பிட் புரண்டாலே போதும். மென்பொருளில் குற்றம் எதுவும் கிடைக்காததால் அப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டினார்கள். அவருக்கு விழவே முடியாத அளவுக்கு எண்ணிக்கை போனதால்தான் பிடிபட்டது. புரண்டது கீழ்வரிசைப் பிட்டாக இருந்து, 16 வாக்குகள் மட்டும் கூடியிருந்தால்? பொய்யாக்கும் அறிவு வந்தே இருக்காது. பொய்யாகும்வரை நம்பலாம் என்பவர், பொய்த்தால் தெரியவரும் என்று ஒரு வழியை முன்கூட்டியே எண்ணிக்கொள்கிறார். சாதாரண ராமில் அந்த வழி இல்லை.

அதனால் கணக்கு, நோயாளிப் பதிவு என்று வருகிறவரிடம் கிராபிக்ஸ் கார்டில் காசைக் குறைத்து இசிசி எடுக்கச் சொல்கிறேன். ப்ராசஸர், மதர்போர்டு இரண்டும் அதை ஏற்கின்றனவா என்று பார்த்தே வாங்க வேண்டும். டிடிஆர்5இல் திருத்தம் உள்ளேயே இருக்கிறதே என்பார்கள். அது சிப்புக்குள் மட்டும். ப்ராசஸர் வரை போகும் வழிக்குக் காவல் இல்லை. போதாததற்கு, திருத்தியதை அது வழக்கமாக நம்மிடம் சொல்வதும் இல்லை.