மாவுக்குக் கெடு ஏன்?

மாவுச் சம்படத்தைத் திறக்கிறோம்; உள்ளே சிவந்த சிறு வண்டுகள் ஊர்கின்றன. இனிச் செய்வது யாது என்னும் வினா இல்லறத்தார் ஒவ்வொருவருக்கும் ஆண்டில் ஒருமுறையேனும் எழுகின்றது. சலித்துவிட்டு மாவைப் பயன்படுத்தலாம் என்றால், சல்லடைக் கண்ணில் புகுந்து வரும் முட்டைகளும் இளம்புழுக்களும் அடுப்புக்குச் செல்கின்றன. வெயிலில் பரப்பினால் வண்டுகள் ஓடிவிடும். ஓடவியலாத புழுக்கள் மடியும். குப்பையில் கொட்டினால் உணவும் வீண், உயிரும் காக்கப்பட்டதாகாது. இம்மூன்றனுள் எது சிறிய பாவம் என்று தராசில் நிறுத்துச் சொல்லுமாறு நம் மகளிர் பலர் என்னிடம் கேட்டதுண்டு.

என் கருத்து, அவ்வினா காலங்கடந்து கேட்கப்படுகின்றது என்பதே. சம்படத்தில் வண்டு ஊரும் நாளில் குற்றமற்ற வழி எஞ்சியிருப்பதில்லை. மாவு அரைத்த நாளிலோ, கடையில் 5 கிலோ பையை எடுத்துக் கூடையில் வைத்த நாளிலோ அது நம் கையில் இருந்தது.

நம் நூலோர் இம்சையைச் சங்கல்பம், ஆரம்பம், உத்யோகம், விரோதம் என நான்காகப் பகுத்தனர். அரைத்தல், குற்றுதல், அடுதல், பெருக்குதல், நீர் சேமித்தல் ஆகிய இல்லத்து வேலைகளில் தவிர்க்கவியலாமல் நேர்வது ஆரம்ப இம்சை. இல்லறத்தான் அதனை முற்றும் துறத்தல் இயலாது என்று அறநூல்களே இடம் தந்துள்ளன. இந்த இடத்தைத்தான் நாம் பெரிதும் பயன்படுத்திக்கொள்கிறோம். வண்டு மடிந்தால், "ஆரம்ப இம்சைதானே" என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். ஆனால் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் இம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்து, உயிர் பிரிவதை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிரைப் பிரித்தல் என்று அடைகொடுத்துக் கூறுகின்றது. பிரமாதம் என்பது விழிப்பின்மை, கவனக்குறைவு. (இன்று தமிழில் விருந்து உண்டபின் "பிரமாதம்!" என்று பாராட்டுகிறோம். ஒரு சொல் இத்துணைத் தலைகீழாகப் பொருள் மாறியதை வகுப்பில் விளக்கும்போது மாணவியர் சிரிப்பர்.) அடக்கவியலாத தேவையால் நேரும் இம்சை வேறு, மூன்று மாதம் மூடி திறவாமல் மறந்திருந்ததால் நேரும் இம்சை வேறு. பின்னதற்கு ஆரம்ப இம்சை என்னும் பெயர் பொருந்தாது என்றே நான் கொள்கிறேன்.

மறதி ஒருபுறமிருக்க, மாவு என்னும் பொருளின் இயல்பையும் அறிதல் வேண்டும். அப்பாண்டைநாதர் எழுந்தருளியுள்ள திருநறுங்கொண்டை இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிக்கப்பெற்ற அம்மாவட்டத்தின் மேற்கில் கல்வராயன் மலை நிற்கின்றது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமையும் தினையும் கேழ்வரகும் நெடுங்காலமாக விளைத்து வருபவர். அவர்கள் நம் சமயத்தார் அல்லர். ஆயினும் இவ்வகையில் அவர்களிடம் நாம் கற்கத்தக்கது உண்டு. சாமையை உமியோடு சேமித்து, வேண்டும்போது வேண்டுமளவு எடுத்துக் குற்றிக்கொள்வதே அம்மலையின் பழைய வழக்கம். உமியுள்ள சாமையும், நன்கு காய்ந்த கேழ்வரகும் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

காரணம் எளிது. தானியம் ஒவ்வொன்றும் இயற்கை மூடிவைத்த ஒரு சம்படம். அரைக்கும்போது அதனை உடைத்துவிடுகிறோம். முளைப்பகுதியிலுள்ள எண்ணெய்ப் பசை வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து காறத் தொடங்குகின்றது. கம்பு மாவு ஒரு வாரத்துக்குள் கசந்துவிடுவதும் இதனாலேயே. முழுக்கோதுமை மாவு அதனினும் சற்றுத் தாங்கும். மைதாவில் தவிடும் முளையும் நீக்கப்பட்டமையால் காறல் மெல்ல வரும். பேரப்பிள்ளைகளுக்கு முட்டையில்லாக் கேக் செய்யும் நம் பெண்கள் மைதாவை மாதக்கணக்கில் வைத்திருப்பதற்கு இதுவே துணிவு தருகின்றது. வண்டுக்கோ அந்த வேறுபாடு கிடையாது. சிவப்பு மாவு வண்டு முழுத் தானியத்தைத் துளைக்க வல்லதன்று. உடைந்த தானியத்தையும் மாவையுமே நாடும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். அவற்றின்மேல் மாவு ஒட்டிக்கொள்வதால் நம் கண்ணுக்குப் புலப்படா. நம் நாட்டு வெப்பத்தில் முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகவே இன்று வண்டைக் காண்கிறோம் என்றால், ஒரு மாதமாக அங்கே ஒரு குடி வளர்ந்துகொண்டிருந்தது என்று பொருள்.

திகம்பர மரபில் மாவுக்கு விதித்த கெடுவை மூத்தோர் அறிவர்: பனிக்காலத்தில் 7 நாள், கோடையில் 5 நாள், மழைக்காலத்தில் 3 நாள். இதனைக் காட்டி, அக்காலத்திலேயே விஞ்ஞானம் முழுவதும் அறிந்திருந்தனர் என்று பெருமை பேசுவோர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர்கள் சம்படத்தை நாள்தோறும் திறந்து பார்த்தவர்கள். அந்தப் பெருமையே அவர்களுக்குப் போதும்.

இக்கெடுவில் நம் நாட்டார்க்கு ஒரு சிக்கல் உண்டு. வடநாட்டில் கார்த்திகைக்குப் பின் வானம் வெளுத்துக் குளிர் தொடங்குகின்றது. கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டைப் பகுதிகளிலோ வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகை கடந்து மார்கழியிலும் பெய்கின்றது. பஞ்சாங்கப்படி பனிக்காலம் என்று 7 நாள் வைப்பதா, காற்றின் ஈரத்தைக் கண்டு 3 நாளோடு நிறுத்துவதா? விதி ஏற்பட்ட நோக்கம் ஈரத்தில் தோன்றும் உயிர்களைக் காப்பது. ஆகவே மழை பெய்யும் மாதம் எதுவாயினும் 3 நாளே நம் கெடு என்று கொள்ளுதல் நேர்மை. "அப்படியாயின் தை மாதத்து வறண்ட காற்றில் 10 நாள் வைக்கலாமா?" என்று ஓர் அம்மையார் என்னைக் கேட்டார். நோக்கத்தை ஆராய்ந்து விதியை இறுக்கிக்கொள்ளலாம். தளர்த்திக்கொள்ளும்போது ஆராய்வது பெரும்பாலும் நோக்கத்தையன்று, நம் வசதியையே. அவருக்கு அவ்வாறே கூறினேன்.

கெட்டமையை அறியும் வழிகளையும் கூறுதல் வேண்டும். பயிற்சிப் பள்ளியில் புலன்களைப் பற்றிப் பாடம் நடத்த வரும் இளம் ஆசிரியைகளிடம் ஒரு கிண்ணம் பழைய மாவும் ஒரு கிண்ணம் புது மாவும் கொண்டுவரச் சொல்வேன். புது மாவு விரலிடையே வழுவழுப்பாக உதிரும். ஈரம் ஏறியது கட்டிபடும். பழைய மாவில் எண்ணெய்ச் சிக்கு வாடை வரும். வண்டு பெருகியது இளஞ்சிவப்பாக மாறி மூக்கைத் துளைக்கும். அவ்வாடை வண்டின் உடலில் சுரக்கும் குயினோன் என்னும் பொருளால் வருவது. மெல்லிய நூல் பின்னியிருப்பின் அந்துப்பூச்சியின் புழு உள்ளே உண்டு. மாவைத் தட்டில் சமமாகத் தடவி ஒரு நாழிகை விட்டால், உள்ளிருக்கும் உயிர் நகர்ந்த கோடு மேலே தெரியும். இவையெல்லாம் நாம் அறியும் கேடுகள். அறியாத கேடும் ஒன்றுண்டு. ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்திலும் நிலக்கடலையிலும் பூசணத்தால் உண்டாகும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு, நிறமும் மணமும் அற்றது. சமையற்சூட்டில் முற்றும் அழிவதன்று. எனவே மூக்கு நல்லது என்று சொன்னதால் மட்டும் பழைய மாவு நல்லதாகிவிடாது.

நகரத்துக் குடும்பங்கள் பைமாவை நம்புகின்றன. பையின்மேல் அச்சிட்ட தேதி உண்பவரின் உடல்நலத்தைக் கருதியது. அந்த மாவுக்குரிய கோதுமை கிடங்கில் இருந்தபோது பூச்சிகளை ஒழிக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிட்டுப் புகைமூட்டுவது பரவலான வழக்கம். கொன்றவர் நாமல்லர் என்னலாம். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் சேர்த்தே நோக்கும் நெறியில் பிறந்த நமக்கு அவ்விடை அத்துணை எளிதாகக் கிட்டுவதில்லை. முழுத் தானியம் வாங்கினாலும் அதுவும் அதே கிடங்கிலிருந்து வரக்கூடும் என்பதை மறுக்கவில்லை. தெரிந்த உழவரிடம் அறுவடையில் வாங்கி, நன்கு உலர்த்தி, வேப்பிலையோ வசம்போ இட்டு வைத்தல் இயன்றவர்க்கு ஆகும். இன்னொன்று: மாவைச் சில நாள் உறைபெட்டியில் வைத்தால் முட்டைகள் மடியும் என்று இன்று பலரும் அறிவுரை கூறுகின்றனர். அது கொல்லும் நோக்கத்தோடு செய்யும் செயல். ஆரம்ப இம்சையின் நிழலில்கூட அதனை வைக்கவியலாது. புதிதாக அரைத்த தூய மாவைக் குளிர்ப்பெட்டியில் வைப்பது வேறு. ஆயினும் கெடுவுக்குள் தீர்த்துவிடுக.

என் மனத்தை மிகவும் வருத்துவது மற்றொரு வழக்கம். மாவு சற்றே வாடையடிக்கத் தொடங்கியதும் வீட்டுவேலை செய்யும் பெண்ணை அழைத்துக் கொடுத்துவிடுவது; அவரும் மறுத்தால் மாட்டுக்குக் கரைத்து வைப்பது. இதனை ஆகாரதானம் என்று கணக்கில் எழுதிக்கொள்வோரும் உளர். நாம் உண்ணத் தகாதென்று முடிவு செய்த பொருளை மற்றொருவர் உண்ணத் தகும் என்று எண்ணுவதற்கு முன், அவரை நாம் எந்தப் படியில் நிறுத்துகிறோம் என்று எண்ணுதல் வேண்டும். மாட்டின் கதையும் அதுவே. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மாண்டன. அவற்றின் தீனியில் கலந்த, பூசணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் எனப் பின்னர்க் கண்டனர். அஃப்லடாக்சினை உலகம் அறிந்தது அவ்வாறுதான். பசு உண்ட அந்நஞ்சின் ஒரு கூறு பாலிலும் இறங்குகின்றது. கொடுப்பதாயின் மூன்றாம் நாள் வரை காத்திராமல் அரைத்த அன்றே கொடுங்கள்.

இத்தனைக்குப் பின்னும் ஒருநாள் வண்டு வரத்தான் செய்யும். அப்போது மாவைச் சாக்கடையிலோ கொதிநீரிலோ கொட்டாமல், மழை படாத, மிதிபடாத மரநிழலில் சம்படத்தோடு கொண்டுபோய் மெல்லக் கவிழ்த்துவிடலாம். எறும்பும் குருவியும் அவற்றை உண்ணாவா என்று கேட்பீர்கள். உண்ணும். அதனால்தான் இதனை நல்வழி என்று கூறாமல், எஞ்சிய வழி என்று கூறுகிறேன்.

புது மாவுக்கு நடைமுறையில் உள்ள தடை மாவு மில். அரைக்கிலோ கொண்டுபோனால் முகஞ்சுளிப்போர் உண்டு. முன்னவர் அரைத்த பழைய மாவு இயந்திரத்தில் தங்கி நம் மாவோடு கலப்பதும் உண்டு. இரண்டுக்கும் ஒரு வழி இருக்கின்றது. நான்கு வீட்டார் கூடி 2 கிலோ கோதுமையைக் காலையில் முதல் ஆளாகக் கொண்டுபோய், முதல் பிடி மாவைத் தனியே வாங்கி ஒதுக்கிவிட்டு, மற்றதை அரைக்கிலோவாகப் பகிர்ந்துகொள்ளலாம். கேழ்வரகும் கம்பும் ஓர் ஆழாக்கு என்றால் வீட்டு மிக்ஸியே போதும். சம்படத்தின் மூடியில் அரைத்த கிழமையை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். வீட்டில் யார் திறந்தாலும் தெரியும்.