திறந்து பார்த்தல்

தன் வேலையைத் தானே செய்துகொள்கிறவன் ஒருபடி உயர்ந்தவன் என்று நாம் விவாதமே இல்லாமல் ஒப்புக்கொண்டிருக்கிறோம். காந்திக்குப் பிறகு இது கிட்டத்தட்ட ஆசாரமாகவே ஆகிவிட்டது. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, அடையாறு காந்தி நகரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து, அப்பா விட்டுப்போன பிரீமியர் பத்மினியின் ஸ்பார்க் பிளக்குகளை நானே மாற்றினேன். அன்றிலிருந்து எனக்கு இந்த உயர்வின்மேல் சந்தேகம்.

முந்தைய கதையைச் சொல்லியாக வேண்டும். நான்கு மாதங்களுக்கு முன் பக்கத்துத் தெருவில் மரத்தடியில் வேலை செய்யும் மெக்கானிக் ஒருவர் இந்த வண்டிக்குப் புது பிளக் போட்டார். பணம் கொடுக்கும்போது, "பழைய பிளக்கக் கொடுங்க, பார்க்கணும்" என்றேன். இன்னும் இரண்டு பேர் தங்கள் வண்டிகளோடு அங்கே நின்றிருந்தார்கள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, நான்கையும் செய்தித்தாளில் சுற்றி, "இந்தாங்க சார்" என்று நீட்டினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்கக்கூட இல்லை. கேட்டதிலேயே என் காரியம் முடிந்துவிட்டது போலும்.

பிறகு வண்டி சிக்னலில் நிற்கும்போது உதற ஆரம்பித்தது. மிஸ்ஸிங் என்பார்கள். பழைய பிளக்கையே துடைத்து மாட்டிவிட்டு, யாருடையதையோ என்னிடம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டார் என்று தீர்மானித்தேன். அவரிடம் போகவில்லை. ஜெனரல் பாட்டர்ஸ் ரோடில் நான்கு பிளக் வாங்கிவந்தேன். (அப்பா கடைசிவரை மைக்கோ என்றுதான் கேட்டு வாங்குவார். பெங்களூரில் 1951-ல் தொடங்கிய அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்டது.)

வேலை கடினமல்ல. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை முதலில் சைக்கிள் பம்பால் ஊதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அது சிலிண்டருக்குள் விழும். ஒயர்களை ஒவ்வொன்றாகத்தான் கழற்ற வேண்டும், ஏனென்றால் பொறி 1-3-4-2 என்ற வரிசையில் வருகிறது. ஒயர் மாறினால் இன்ஜின் ஓடாது. புதியதை விரலாலேயே கடைசிவரை திருகி, அதற்குப் பிறகுதான் ஸ்பானரில் அரைச்சுற்று. அலுமினிய ஹெட்டில் அவசரப்பட்டு ஸ்பானரைப் போட்டால் மரை போய்விடும். பாட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக்குகிறது, அது 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பதுதான் பொறி. இன்ஜின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தரம் பொறி விடுகிறது. இவ்வளவு உழைப்பு நடக்கும் இடம் ஒரு சுண்டுவிரல் நுனி அளவுகூட இல்லை.

கழற்றிய பிளக்கைப் பார்த்து இன்ஜினின் உடல்நிலையைச் சொல்லலாம். நுனி இளம் பழுப்பாக இருந்தால் சுகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் தேய்ந்திருக்கலாம். வெளுத்துப் பொருக்காடியிருந்தால் மிஞ்சிய சூடு. என்னுடையவை நான்கும் காய்ந்த கரியாக இருந்தன. நான் எதிர்பார்த்துத் திறந்ததே அதைத்தான். பழையவை என்று சந்தோஷப்பட்டேன். ஆம், சந்தோஷம்தான், வேறு வார்த்தை இல்லை.

கம்பி பிரஷ்ஷால் ஒன்றைத் தேய்த்த பிறகுதான் கரிக்கு அடியில் இருந்தது தெரிந்தது. எலக்ட்ரோடின் விளிம்பு கூர்மையாக, மழுங்காமல் இருந்தது. பொறி கோடிக்கணக்கில் அடித்த பிளக்கில் விளிம்பு உருண்டுவிடும். உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து பிரித்தேன். அவற்றில் விளிம்பு உருண்டிருந்தது, இடைவெளி அகன்றிருந்தது. அவற்றின் மேலும் அதே காய்ந்த கரி. அவை என் வண்டியின் பிளக்குகள்தான். மனிதர் சொன்னபடியே செய்திருந்தார்.

அப்படியானால் கரி? குளிர்ந்த இன்ஜினுக்குச் சோக்கை இழுத்தால் பெட்ரோல் அதிகம் போகும். வீட்டிலிருந்து திருவான்மியூரில் உள்ள என் வங்கிக் கிளை மூன்று கிலோமீட்டர். இன்ஜின் சூடேறுவதற்குள் நான் இறங்கிவிடுகிறேன். பிளக்கின் நுனி 500 டிகிரியை நெருங்கினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு, சோக்கை உள்ளே தள்ளவும் நான் பாதி நாள் மறந்துவிடுகிறேன்.

1974-ல் வந்த பிர்சிக்கின் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' நம்மிடையே நிறையப் பேர் படித்த புத்தகம். வண்டியைக் கெடுத்த மெக்கானிக்குகளின் அசிரத்தையைப் பற்றி அதில் நல்ல பகுதி உண்டு. ஆனால் அவர்கள் பதில் சொல்ல அதில் இடமில்லை. நான் ஸ்பானரைக் கையில் எடுத்ததற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

1909-ல் இதே அடையாற்றுக் கடற்கரையில் லெட்பீட்டரின் கண்ணில் பட்ட ஜே. கிருஷ்ணமூர்த்தி, அதற்கும் முன்பு, ஒரு கடிகாரத்தை அக்கக்காகப் பிரித்து, அது ஓடும் விதம் புரிந்து திரும்பப் பூட்டும்வரை அறையை விட்டு வரவும் சாப்பிடவும் மறுத்தார் என்று மேரி லட்யென்ஸ் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் யாரையும் சந்தேகித்துக் கடிகாரத்தைத் திறக்கவில்லை. நானும் திறந்தேன், என் கையும் கரியானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே காரியம். ஆனால் நான் திறந்தது ஒருவரைப் பிடிப்பதற்காக. ஒரு கவிஞனின் தொகுதியை, எந்த இங்கிலீஷ் கவியிலிருந்து எடுத்தான் என்று கண்டுபிடிப்பதற்காகவே நான் பிரித்த நாட்களும் உண்டு. அந்த மதிப்புரைகளில் சில பாராட்டப்பட்டன. அவற்றின் கரியைத் தேய்த்துப் பார்க்க இப்போது எனக்குத் தைரியம் இல்லை.

சோக்கை ஒழுங்காகத் தள்ளியும் மூன்றாம் வாரம் லேசாக உதறல் திரும்பியது. மரத்தடிக்குப் போனேன். வண்டி வந்து நின்ற விதத்தைக் கேட்டே அவர் சொன்னார்: "கிட்டக்கத்தான் ஓட்டறீங்க போல சார். சோக்கும் தள்ளறதில்ல. அன்னிக்கே சொல்லலாம்னு இருந்தேன். நீங்க பிளக்கக் கேட்டுட்டீங்க."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு நேரான காரணம், அவ்வளவுதான். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். வாக்கியம்கூட வாயில் இருந்தது. பிளக் சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும் என்று கேட்டேன்.