உமர் (ரலி) அவர்களின் ஹிமாவும் நமது குற்றால மலையும்



இலஞ்சி என்பது மகிழ மரத்துக்கு ஒரு பெயர். மரத்தின் பெயரைச் சுமந்து நிற்கும் அவ்வூரிலிருந்து மேற்கே தலை நிமிர்ந்தால் குற்றால மலை. அம்மலை வாங்கிய மழைதான் அருவியாய் விழுந்து, சிற்றாறாய் ஓடி, நமது நஞ்சைகளை நனைக்கிறது. இம்மலைத் தொடரில் சுமார் 356 சதுர கிலோமீட்டர் காடு 2015ஆம் ஆண்டில் நெல்லை வனவுயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே களக்காடு–முண்டந்துறை, 1988 முதல் புலிகள் காப்பகம். 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகமும் வந்தது.

"இது சர்க்கார் சங்கதி, மார்க்கப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது.

அறியாமைக் காலத்து அரபுத் தலைவன் ஒருவன் செழிப்பான நிலத்தைக் கண்டால், மேடான இடத்தில் நாயைக் குரைக்கச் செய்வான். அந்தச் சத்தம் எட்டும் தூரமெல்லாம் அவனுடைய 'ஹிமா', அதாவது காப்பு நிலம். பிறர் ஆடு அங்கே வாய் வைக்கலாகாது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இந்த அக்கிரமத்தை ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய ரஸூலுக்குமே உரியது என்று அறிவித்தார்கள். பொதுநன்மைக்கே அன்றித் தனியார் சுகத்துக்கு நிலத்தை வளைக்கக் கூடாது என்பது அதன் கருத்து. மக்காவிலும் மதீனாவிலும் ஹரம் எல்லைக்குள் வேட்டை கிடையாது. இஹ்ராம் உடுத்திய நமது ஹாஜிமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

பின்னர் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள், ஹுனை என்ற விடுதலை பெற்ற அடிமையை ஹிமாவுக்குக் காவலராக நியமித்தார்கள். அவருக்குச் சொன்ன புத்திமதியைக் கவனியுங்கள். மக்களிடம் மென்மையாக நடந்துகொள். அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு. சில ஒட்டகமும் சில ஆடும் மட்டுமே உள்ள ஏழையை உள்ளே விடு. இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே! அவர்கள் யார்? பெரும் ஸஹாபாக்கள். ஆனால் மந்தை அழிந்தாலும் அவர்களுக்குத் தோட்டமும் விளைநிலமும் உண்டு. ஏழையோ பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான். காட்டைக் காக்கிற சட்டத்தில் முதலில் யாருடைய முகம் நினைவுக்கு வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

நம் மலையடிவாரத்திலோ நாயைக் குரைக்க வைக்கும் கூட்டம் இன்னும் இருக்கிறது. இயற்கை ஓடையைத் திருப்பித் தம் விடுதிக்குள் செயற்கை அருவி அமைத்தவர்கள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2022இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட நேர்ந்தது.

நல்ல முன்மாதிரியும் நம் ஜில்லாப் பக்கமே உண்டு. தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர்க்காரர்கள் கோயில் மருத மரங்களில் கூடு கட்டும் பறவைகளைத் தாங்களே காத்து வந்தார்கள். 2005இல் அது பறவைகள் காப்பகமாயிற்று. இத்தகைய காப்பகத்தின் நிர்வாகக் குழுவில் பஞ்சாயத்துப் பிரதிநிதிக்கும் சட்டப்படி இடமுண்டு. கூந்தன்குளத்து மக்கள் பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. மாற்று மதச் சகோதரர்கள் இவ்வளவு செய்யும்போது, பூனையைப் பட்டினி போட்டவளின் கதியை மிம்பரில் கேட்ட நாம் என்ன செய்கிறோம்?

பன்றியும் யானையும் இறங்கி வாழையை அழித்தால் வயிறு எரியத்தான் செய்யும். அந்த வேதனையை லேசாகப் பேசக்கூடாது. அதற்காகத் திருட்டு மின்வேலி போட்டால் யானையோடு, இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகும் அண்டை வயல்காரனும் சாவான். வனத்துறையில் நஷ்டஈடு கேட்க வழியிருக்கிறது. மனு எழுதத் தெரியாத விவசாயிக்கு, அவர் எம்மதத்தவராயினும், ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து நமது படித்த வாலிபர் ஒருவர் எழுதிக் கொடுக்கலாமே! ஒவ்வொரு ஜமாஅத்தும் அதற்கென ஒருவரை இந்தச் சாரல் காலத்துக்குள் நியமிக்கட்டும்.